ஸ்கோப் அப்புறம், முதலில் வார்!

ஸ்லிங் என்ற சொல்லை அகராதியில் தேடினால் கவண் என்று வரும். தினைப்புனத்தில் கிளி விரட்டும் கவண். இங்கே பேச்சு அதைப் பற்றியதல்ல. ரைஃபிளின் முன்னும் பின்னும் கோர்த்துத் தொங்குமே ஒரு வார், அதற்கும் ஸ்லிங் என்றுதான் பெயர். பேங்க் வாசலில் காவலாளி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது அந்த வாரால்தான். பார்க்க ஸ்கூல் பை பட்டை மாதிரி இருக்கும். ஆனால் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொள்ளப் போகும் ஒருவருக்குத் துப்பாக்கி, தோட்டாவுக்கு அடுத்து அதிகம் உதவும் பொருள் அதுதான். வேடிக்கை என்னவென்றால், அதைத்தான் கடைசியாக வாங்குகிறார்கள். பலர் வாங்குவதே இல்லை!

இந்தியாவில் இது அதிகம் தெரியாமல் போனதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அது முழுக்க நின்றுகொண்டே சுடும் போட்டி. அதில் வார் பயன்படுத்த அனுமதியே கிடையாது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் ரைஃபிள் போட்டி வேறு மாதிரி. முழங்காலிட்டு, குப்புறப் படுத்து, நின்று என மூன்று நிலைகள். முதல் இரண்டில் இடது கையை வார் இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் படங்களை இன்னொரு முறை பார்த்தால் புரியும்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே வார இறுதியில் நடக்கும் துவக்கநிலை ரைஃபிள் வகுப்புகளில் பெயர் பெற்றது ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட். 2000களின் நடுவில் தொடங்கியது. நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சுடுவதற்கு நடுவே 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன், கன்கார்டில் நடந்த கதையையும் சொல்வார்கள். 25 மீட்டர் தூரத்தில் தாள் இலக்கு, பெரும்பாலானவர்கள் கையில் பாயிண்ட் 22 ரைஃபிள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்த பாயிண்ட் 22 புதிதல்ல.

இப்படி ஒரு வகுப்புக்குப் பெயர் கொடுத்ததும் ஒருவர் முதலில் என்ன செய்வார்? ஷாப்பிங்! பெரிய ஸ்கோப், பளபளக்கும் ட்ரிக்கர், ராணுவத்தார் மாதிரி பேன்ட், முட்டிக்கு உறை. துப்பாக்கி விலையைவிட மேலே மாட்டியிருக்கும் சாமான்களின் விலை அதிகமாகிவிடும். வார் பற்றிய நினைப்பே இருக்காது. இருந்தாலும் "தோளில் மாட்டத்தானே, ஏதோ ஒன்று" என்று கறுப்பு நைலானில் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார்.

இது தப்பான முதலீடு. கணக்குப் போட்டே காட்டலாம்.

ஆப்பிள்சீட் தேர்வில் மொத்தம் 40 குண்டுகள், 250 மதிப்பெண்கள். நின்றுகொண்டு 10 குண்டுகள், 50 மதிப்பெண். உட்கார்ந்தோ முழங்காலிட்டோ 10 குண்டுகள், 50 மதிப்பெண். படுத்துக்கொண்டு வேகமாக 10 குண்டுகள், 50 மதிப்பெண். கடைசியாகப் படுத்து நிதானமாக 10 குண்டுகள், அதற்கு மட்டும் இரட்டிப்பு, 100 மதிப்பெண். 'ரைஃபிள்மேன்' என்ற பட்டம் கிடைக்க 210 வேண்டும். கையில் வளையமாக மாட்டி இறுக்கும் வார் கைகொடுப்பது நிற்கும் நிலை தவிர மற்றவற்றில். அதாவது 250இல் 200. ஒருவர் நின்று சுடுவதில் முழு 50ஐயும் அள்ளினாலும் மீதி 160 இந்த நிலைகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். 200 மதிப்பெண் கேள்விக்குப் படிக்காமல் மார்ஜின் கோடு போட கலர் பேனா வாங்குகிற பையனை என்ன சொல்வோம்? அதே கதைதான் :-)

வார் அப்படி என்னதான் செய்கிறது? மூன்று கிலோ எடையுள்ள ஒரு பொருளைக் கையில் ஏந்தினால் தசை நடுங்கும். எவ்வளவு ஜிம் போனாலும் நடுங்கும். ஆனால் முழங்கையைத் தரையில் ஊன்றி, அதற்கு நேர் மேலே துப்பாக்கி வரும்படி படுத்தால், எடையைச் சுமப்பது எலும்பு. எலும்புக்குக் களைப்பு கிடையாது. மேற்கையில் மாட்டிய வளையத்திலிருந்து துப்பாக்கியின் முன்பகுதி வரை வார் விறைப்பாக ஓடி, முன்கை மடங்கிப் போகாமல் பூட்டிவிடும். துப்பாக்கியின் பின்பகுதியையும் தோளோடு சேர்த்து இழுத்து வைக்கும். சரியாக மாட்டியிருந்தால் வலது கையை எடுத்துவிட்டாலும் துப்பாக்கி கீழே விழாது, தோளிலேயே நிற்கும். வார் சரியா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை இதுதான்.

இதன் பலன் தாளில் தெரியும். வகுப்பில் கேட்கும் அளவு, 25 மீட்டரில் எல்லாக் குண்டும் சுமார் ஒரு அங்குலத்துக்குள் விழ வேண்டும் என்பது. 100 கஜத்தில் அது 4 அங்குலமாகும், 300 கஜத்தில் 12. இங்கே துளியூண்டு நடுக்கம், அங்கே ஒரு முழம் விலகல்.

அப்படியென்றால் எந்த வார்? மூன்று வகைகளைப் பார்க்கலாம்.

முதலாவது, அமெரிக்க ராணுவத்தின் பழைய தோல் வார், எம் 1907 என்று பெயர். இரண்டு துண்டு, பித்தளைக் கொக்கிகள், வரிசையாக ஓட்டைகள். எத்தனையாவது ஓட்டை என்று குறித்துவைத்தால் ஒவ்வொரு முறையும் அதே அளவில் மாட்டலாம். போட்டிகளில் சுடுகிறவர்கள் இன்றும் விரும்புவது அதனால்தான். ஆனால் புதுத் தோல் விறைப்பாக இருக்கும், பழக நாளாகும், விலையும் அதிகம். இரண்டு நாள் வகுப்பில் அதோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது.

இரண்டாவது, இப்போதைய 'டாக்டிகல்' வார்கள். நைலான், ரப்பர் போல நீளும் பட்டை, ஒரே இடத்தில் மாட்டித் தொங்கவிடுவது என்று பல தினுசு. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்க வசதியாக இருக்கலாம். குறி பார்க்கும்போது நீளும் வார் எதற்கு ஆகும்? இறுக்க வேண்டியது இழுபட்டால் எல்லாம் போச்சு.

மூன்றாவது, பருத்தி நாடாவில் செய்த எளிய ராணுவ வார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோலுக்குப் பதிலாக வந்தது. ஒன்றேகால் அங்குல அகலம், ஒரு இரும்புப் பக்கிள், ஒரு கொக்கி, அவ்வளவுதான். ஸ்கோப் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. பின்பக்கக் கொக்கியைக் கழற்றி, வாரிலேயே ஒரு வளையம் செய்து, அரைச் சுற்று வெளிப்பக்கம் திருப்பி, மேற்கையில் உயரமாக ஏற்றி இறுக்கினால் வேலை முடிந்தது. பருத்தி சட்டையைக் கவ்விக்கொள்ளும். நைலான் வழுக்கும். புதிதாகக் கற்பவர் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்! வாரைக் கோர்க்கும் வளையம். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் பல ஒரு அங்குலத்துக்கானவை. ஒன்றேகால் அங்குல வார் அதில் நுழையாது, நுழைந்தால் சுருண்டுகொள்ளும். பல பாயிண்ட் 22 ரைஃபிள்கள் வளையமே இல்லாமல்தான் விற்பனைக்கு வருகின்றன. வகுப்பு நாள் காலையில் வாரும் துப்பாக்கியும் தனித்தனியாக இருந்தால் அந்த நாளே வீண். ஒரு வாரம் முன்பே மாட்டிப் பார்ப்பது நல்லது.

அந்த ஒரு வாரத்தை வீட்டில் பழகவும் பயன்படுத்தலாம். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை கண்ணால் பார்க்க வேண்டும். குழாய் எப்போதும் பாதுகாப்பான பக்கமே இருக்க வேண்டும். அப்புறம் தினமும் பத்து நிமிடம் வாரை மாட்டிப் படுத்தால் போதும். மெல்லிய சட்டையைவிடத் தடித்த முழுக்கைச் சட்டை நல்லது, வளையம் நழுவாது. விரல் மரத்துப்போனால் வளையம் தப்பான இடத்தில் இருக்கிறது அல்லது அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். குறி நாடித்துடிப்போடு சேர்ந்து குதித்தால் வளையத்தை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். மற்றபடி பையில் காதுக்கும் கண்ணுக்கும் கவசம், இரண்டு மேகசின், கீழே விரிக்க ஒரு பாய், 400, 500 தோட்டா. போதும்.

எதிர்வாதம் உண்டு. "வேட்டைக்குப் போகிறவன் மரத்தில் சாய்ந்து சுடுவான், மேஜை இருந்தால் மணல் மூட்டையில் வைத்துச் சுடுவான், இந்த வார் எதற்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் தெரிவது துப்பாக்கியின் திறமை. வாரோடு படுத்தால்தான் சுடுகிறவரின் மூச்சு, விரல், உடம்பு எல்லாவற்றின் தப்பும் வெளியே வரும். வகுப்புக்குப் போவதே அதற்குத்தானே? "ஸ்கோப்பே வேண்டாமா?" என்றால், கண் பார்வை குறைந்தவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் ஸ்கோப் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், குறைக்காது.

இதில் போவது பணம் மட்டும் என்றால் பரவாயில்லை. பாயிண்ட் 22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சடித்திருக்கும். துப்பாக்கிகளிலேயே சின்னது என்று எண்ணப்படுவதன் கதை இது! அமெரிக்காவில் ஒரு ரைஃபிளை வாங்குவது சுலபம். வாங்கியவருக்குத் தன் குண்டு எங்கே போகும் என்று தெரியாவிட்டால், விலை கொடுக்கப்போவது அவர் மட்டுமல்ல, இலக்குக்குப் பின்னால் எங்கோ இருக்கும் யாரோ ஒருவரும்தான். அங்கே துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பற்றிச் சண்டை போடாத நாளில்லை. வைத்திருப்பவர் அதைச் சரியாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இருக்க முடியாது.

சாமான் வாங்குவதில் ஒரு போலித் திருப்தி இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததுமே பாதி கற்றுக்கொண்ட மாதிரி தோன்றும். பரீட்சைக்கு முன் கைடு வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பருத்தி வாரில் அந்தத் திருப்தி கிடைக்காது. கையை வலிக்கச் செய்யும், முதல் நாள் எரிச்சலூட்டும், போட்டோவில் அழகாகவும் இருக்காது. ஆனால் இரண்டாம் நாள் மாலை தாளில் ஓட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி விழும்போது, ஏன் இதை முதலிலேயே வாங்கவில்லை என்று தோன்றும். முதலிலேயே வாங்கிவிட்டால் அந்தக் கேள்விக்கே வேலையில்லை!