மூட வேண்டியது எந்தச் சேனலை?

எங்கள் காலனிப் பூங்காவில் நடை முடித்து உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் போன வாரம் ஒரு தீர்மானம் நிறைவேறியது. "இந்த இருபத்து நாலு மணி நேர நியூஸ் சேனல் அத்தனையையும் இழுத்து மூடணுமுங்க. அப்பத்தான் நாடு உருப்படும்." முன்மொழிந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மற்ற எல்லோரும் வழிமொழிந்தார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு சேனலை மூடியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

2015 தீபாவளி முடிந்த கையோடு நானும் வீட்டு அம்மணியும் நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போனோம். ஆறு மாத வாசம். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் எங்களுக்குத் துணை டிவி ஒன்றுதான். டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, தவிப்போடு ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் 'அல் ஜசீரா அமெரிக்கா' கண்ணில் பட்டது. சென்னையைப் பற்றி அதில் எவ்வளவு சொன்னார்கள் என்பது மறந்துவிட்டது. செய்தி வாசித்தவர் கத்தாமல் பேசியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகு பகல் முழுக்க அதுதான் எங்கள் வீட்டுச் சேனல். சிறைச்சாலை, பழங்குடி மக்கள், குடிநீர், கூலி என்று மற்றவர்கள் தொடாத விஷயங்களைப் பொறுமையாகச் சொன்னார்கள். வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றி அவர்கள் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தபோது எனக்குத் திருப்பூர் கிளையில் வேலை பார்த்த நாட்கள் ஞாபகம் வந்தன. விளம்பரமும் குறைவு. மற்ற சேனல்களில் மணிக்குப் பதினைந்து நிமிடம் விளம்பரம் ஓடும். இவர்கள் ஆறு நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2016 ஜனவரி 13 அன்று, சேனலை ஏப்ரலில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. "ஏனுங்க, நல்லாத்தானே நடத்துனாங்க? எதுக்கு மூடறாங்களாமா?" என்று அம்மணி கேட்டாள். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் பார்த்தவன் நான். இழுத்து மூடும் எந்த நிறுவனத்திலும் முதலில் பார்க்க வேண்டியது வரவுக் கணக்கை. மகனின் மடிக்கணினியில் துருவியதில் கிடைத்தது இதுதான்.

கத்தார் நாட்டின் அல் ஜசீரா நிறுவனம், முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோர் பங்குதாரராக இருந்த 'கரண்ட் டிவி'யை 2013 ஜனவரியில் சுமார் 50 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வாங்கிய சூட்டிலேயே ஒரு பெரிய கேபிள் நிறுவனம் அதைத் தன் வரிசையிலிருந்து தூக்கிவிட்டது. சமாதானமாகிச் சேர்த்துக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின. 2013 ஆகஸ்ட் 20 அன்று புதுப் பெயரில் ஒளிபரப்பு தொடங்கியது. அந்தப் பெயரே பாதி வினை. பின்லேடன் வீடியோக்கள் வந்த சேனல் என்றுதான் பல அமெரிக்கர்களுக்கு அதைத் தெரியும். உள்ளே நிர்வாகச் சச்சரவு, வழக்குகள். 2015-இல் தலைமையையே மாற்றினார்கள். பீபாடி போன்ற பெரிய விருதுகளெல்லாம் வந்தன. பார்க்கத்தான் ஆளில்லை. மாலை நேரத்தில் ஃபாக்ஸ் நியூஸை ஏறத்தாழ 20 லட்சம் பேர் பார்த்தபோது, இதைப் பார்த்தவர்கள் சில பத்தாயிரம் பேர்தான்.

அப்படியும் ஓடியது எப்படி? எண்ணெயும் எரிவாயுவும் விற்ற காசில். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கு இறங்கியது. அமெரிக்காவில் யாரும் பார்க்காத சேனலுக்குக் கொட்டிக் கொடுக்க அதற்குமேல் யார் முன்வருவார்கள்?

கடைசி நாள் ஏப்ரல் 12. எங்கள் துன்முகி வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு. தாங்கள் செய்த வேலையைத் தொகுத்து மூன்று மணி நேர நிகழ்ச்சி போட்டார்கள். காபியோடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். மகன் வந்தான். "அப்பா, டிரம்ப் என்னமோ பேசிட்டாராம், ஆபீஸ்ல ஒரே பேச்சு, ஒரு நிமிஷம் மாத்தட்டுமா?" என்றான். "மாத்து" என்றேன். அந்த ஒரு நிமிஷம் சாப்பாட்டு வேளை வரை நீண்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டு பார்த்தோம். நினைவு வந்து திருப்பியபோது அந்தச் சேனல் முடிந்து போயிருந்தது. ஆயிரம் நல்ல வார்த்தை சொன்ன நானே கடைசி வரை கூட இருக்கவில்லை.

அதனால்தான் பெஞ்சுத் தீர்மானத்துக்கு நான் கை தூக்கவில்லை. சேனல்களை மூடுவது என்று ஆரம்பித்தால் முதலில் மூடப்படுவது கத்துகிற சேனல் அல்ல. அதற்குக் கூட்டம் இருக்கிறது, கூட்டம் இருப்பதால் விளம்பரம் இருக்கிறது. நிதானமாகப் பேசுகிற சேனலைத்தான் முதலில் மூடுவார்கள். நாம் அதைப் பாராட்டுவோம், பார்க்கமாட்டோம்.

"அந்தக் காலத்துல காலை ஏழே காலுக்கு சரோஜ் நாராயணசாமி வாசிச்சாங்களே, பத்தே நிமிஷம், அது செய்தி" என்பார் தலைமையாசிரியர். வாஸ்தவம். அந்தக் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்தவர்கள் நாம். ஆனால் அந்த ரேடியோவுக்கு வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டியதை மறந்துவிட்டோம். அந்தச் செய்திக்கு நாம் காசு கொடுத்தோம். சாவி மட்டும் சர்க்கார் கையில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் எந்தத் தலைவர் எந்தச் சிறையில் என்பதை அந்தப் பத்து நிமிஷத்தில் நாம் தெரிந்துகொள்ளவில்லை. ஆகவே பழையதெல்லாம் பொன் என்றும் நான் சொல்லமாட்டேன்.

செய்திக்கு யாராவது ஒருவர் செலவழித்தே ஆக வேண்டும். சர்க்கார் செலவழித்தால் சர்க்கார் செய்தி. கட்சி செலவழித்தால் கட்சிச் செய்தி. விளம்பரக்காரர் செலவழித்தால் கூச்சல். வளைகுடா நாடு செலவழித்தால் எண்ணெய் விலை இருக்கும் வரை செய்தி, அதுவும் அந்த நாட்டைச் சுடாத வரை. மிச்சமிருப்பது பார்க்கிற நாம்தான். காசைக்கூட விடுங்கள், நேரத்தையாவது சரியான இடத்தில் செலவழிக்கலாமே.

நேற்று பெஞ்சில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்ட தலைமையாசிரியர், வகுப்பில் கேட்கிற மாதிரியே ஒரு கேள்வி கேட்டார்: "சரிங்க சார், முந்தாநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்க எந்தச் சேனல் பார்த்தீங்க?"

விவாத நிகழ்ச்சிதான். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். முழுசாகப் பார்த்தேன்.