பெத்லகேமும் கீழ்ப்பாக்கமும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கும். பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

நேற்று நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கல்யாணப் பந்தி வீடியோ வந்தது. ஆளாளுக்குக் கத்துகிறார்கள். கீழே ஒருவர் ‘டோட்டல் பெட்லம்’ என்று எழுத, இன்னொருவர் ‘தமிழில் கீழ்ப்பாக்கம்’ என்று எழுதியிருந்தார். பலரும் சிரித்திருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்லம் என்றால் கூச்சல் குழப்பம் என்று அகராதி சொல்லும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பைபிளிலிருந்து. இயேசு பிறந்த பெத்லகேம்தான் அது. எபிரேயத்தில் ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். அந்த ஊரின் பெயரில் 1247இல் லண்டனில் ஒரு மடம் தொடங்கினார்கள். அது பிறகு ஆஸ்பத்திரியாகி, மனநோயாளிகளை வைக்கும் இடமானது. பெத்லகேம் என்ற பெயர் லண்டன்காரர்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து பெட்லம் ஆயிற்று.

அங்கே நோயாளிகளை வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூட்டமாகப் போவார்கள். உண்டியலில் காசு போட்டுவிட்டு, மிருகக்காட்சி சாலையைச் சுற்றுவதுபோல் சுற்றி வருவார்கள். 1770இல்தான் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. 1814இல் ஜேம்ஸ் நோரிஸ் என்ற நோயாளியை வெளியிலிருந்து போனவர்கள் பார்த்தார்கள். இரும்பு வளையம் மாட்டி, கம்பத்தோடு பிணைத்து, பத்து வருடங்களுக்கு மேல் அப்படியே வைத்திருந்தார்கள்.

கட்டப்பட்டவன் கத்தினான். வேடிக்கை பார்த்தவன் காதில் அது வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அவன் வைத்த பெயர்தான் பெட்லம். புனிதமான ஊரின் பெயர் வசைச்சொல்லானது இப்படித்தான்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? சென்னையில் 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. எத்தனையோ பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிய இடம். நமக்கோ அது சினிமா காமெடிக்கும் வாட்ஸ்அப் கிண்டலுக்கும் ஆன பெயர்.

‘சும்மா தமாஷ்தானே டீச்சர், பெட்லம் என்று சொல்கிற வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியை நினைத்தா சொல்கிறான்?’ என்று கேட்பீர்கள். சரி, அவர்கள் சொல்லுக்கு வயதாகிவிட்டது, பழைய கதை பலருக்கு மறந்துவிட்டது. நம் சொல்லுக்கு அந்தச் சாக்கு கிடையாது. கீழ்ப்பாக்கம் என்றதும் எல்லாருக்கும் என்ன ஞாபகம் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். இன்று காலையும் அங்கே ஓ.பி. சீட்டுக்கு யாரோ ஒரு அம்மா வரிசையில் நின்றிருப்பாள்.

யோக்கியம் பேசவில்லை. நானே குற்றவாளி. வகுப்பில் சத்தம் வந்தால் பிரம்பால் மேஜையைத் தட்டி, ‘இதென்ன பள்ளிக்கூடமா, கீழ்ப்பாக்கமா?’ என்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன்! ஒருநாள் ஏழாம் வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா மூன்று மாதமாக அங்கேதான் இருக்கிறாள் என்று சாயங்காலம் அவன் பாட்டி வந்து சொன்னார். திட்டவில்லை. ‘புள்ளைக்குத் தெரியாதுன்னு நெனைச்சிருந்தோம் டீச்சர்’ என்றார். அவ்வளவுதான். அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கத் துணிவு வரவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

சொல்தானே என்று விடாதீர்கள். நம் சொந்தத்திலேயே தூக்கமில்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு தவித்தவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகாமல் மந்திரிக்கக் கூட்டிப்போனோம். ஏன்? ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஊர் சொல்லிவிடுமே என்ற பயம். அந்த ஊர் வேறு யாருமில்லை, நேற்று சிரித்த நாம்தான்.

ஜுரத்துக்கு ஆஸ்பத்திரி போவதுபோல் மனசுக்கும் போகலாம். நேரில் போகத் தயக்கமா? அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். குறித்து வையுங்கள்.

இரைச்சலைச் சொல்ல நமக்குச் சந்தைக்கடை, களேபரம், அமளி என்று சொல்லுக்கா பஞ்சம்? நோயாளியின் படுக்கையிலிருந்து ஒரு சொல்லை உருவித்தான் சிரிக்க வேண்டுமா?

அந்த வரியை எழுதிய தம்பி, பெயர் சொல்ல மாட்டேன். நீயே அதை நீக்கிவிடு. டீச்சருக்காக இல்லை, அந்தக் குழுவில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்காக.