குளத்தருகே ஓர் அறை

கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறவர்கள் அறை தேடும்போது ஏசி உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். குளம் எவ்வளவு தூரம் என்று கேட்பவர் அபூர்வம். ஜப்பானில் கினோசாகி என்றொரு வெந்நீர் ஊற்று ஊர். அங்கே ஏழு பொதுக் குளியலகங்கள். விடுதியில் தங்குகிறவர்கள் மெல்லிய பருத்தி யுகாத்தாவும் மரச்செருப்புமாக, ஆற்றோரம் டக்டக்கென்று ஒவ்வொன்றுக்கும் நடந்தே போகிறார்கள். அறை, குளியலுக்குப் போகும் வழியில் ஒரு திண்ணை, அவ்வளவே. திருத்தணியும் அந்த மாதிரி ஊர்தான். அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் முழுக்கு, ஈரம் சொட்டும் மஞ்சள் வேட்டியோடு 365 படி, மேலே தரிசனம். அறை அடிவாரத்தில் இருந்தால் இந்த வரிசை குலையாது.

ஆடிக் கிருத்திகையில் அங்கே ஒலிபெருக்கி தூங்க விடாது, வாடகையும் ஏறிவிடும், பேசாமல் சற்றுத் தள்ளியுள்ள ஆர்.கே.பேட்டையில் தங்கினால் சோளிங்கர் நரசிம்மரின் 1,305 படியையும் சேர்த்துப் பார்க்கலாமே என்பார்கள். சாதாரண நாளில் அது நல்ல யோசனை. தறிச் சத்தம் கேட்கும் அமைதியான ஊர். கிருத்திகையன்றோ வண்டிகளைத் திருத்தணிக்கு வெளியிலேயே மடக்கிவிடுவார்கள். வாடகையில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்குப் போகும், குளித்த ஈரம் வழியிலேயே காய்ந்துவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு மலைமேல் வரை சாலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவர்களுக்கும் குளம் கீழேதான்.