களப்புக்கரையில் அகதிகள்: நம் நிலைப்பாடு

2024 டிசம்பர் 20ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ரோகிங்கியா மக்களைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும், "நாட்சம்பளம் 1,700 ரூபா கேட்டுத் தொண்டை வற்றிப்போச்சு, பர்மாக்காரர் கதை நமக்கெதுக்கு?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் எழுதுகிறோம்.

முள்ளிவாய்க்காலுக்கு அப்பால் தத்தளித்த அந்தப் படகை முதலில் கண்டவர்கள் நம்மைப் போன்ற அன்றாடங்காய்ச்சிகளான மீனவர்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. ஜமாலியா பாடசாலையில் தங்கவைத்தபோது அக்கம்பக்கத்துச் சனம் சாப்பாட்டோடு ஓடியது. படகோட்டிகள் என்று 12 பேர் விளக்கமறியலுக்குப் போனார்கள். மற்றவர்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு ஏற்றிப்போனார்கள்.

சிக்கல் அங்கேதான். கேப்பாப்பிலவு நந்திக்கடல் களப்பின் கரை. களப்பில் இறாலும் மீனும் பிடித்து, கரையில் தோட்டமும் வயலும் செய்து பிழைத்தவர்களின் ஊர். மெனிக் பாம் முகாமில் கிடந்துவிட்டு 2012இல் வெளியே வந்தவர்களைச் சொந்தக் காணிக்குள் விடவில்லை. "மாதிரிக் கிராமம்" என்று ஒன்றில் இறக்கிவிட்டார்கள். களப்பில் தொழில் செய்கிறவனைக் களப்பைவிட்டுத் தள்ளிவைப்பது, கொழுந்து எடுக்கிறவளை மலையைவிட்டுத் தள்ளிவைப்பது போல. 2017 ஜனவரி கடைசியில் பிலக்குடியிருப்புப் பெண்கள் பிள்ளைகளோடு விமானப்படை வாசலில் குந்தினார்கள். ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் கிடந்துதான் தங்கள் காணியை மீட்டார்கள். இராணுவத்திடம் இருக்கிற மிச்சக் காணி முழுதாக இன்னும் வரவில்லை.

"எங்களுக்கு இல்லாத இடம் வந்தவனுக்கு இருக்கா?" என்று அந்த ஊரில் ஒருவர் முணுமுணுத்தாலும் அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் 2025 ஜனவரியில் முல்லைத்தீவுச் சனம் தெருவில் இறங்கியது அகதிகளைத் திருப்பி அனுப்பாதே என்று கேட்பதற்கு. களப்பை அடைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியும். படகில் வந்த பிள்ளை அடைக்கவில்லை.

நமக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. 1948இல் நம் குடியுரிமையைப் பறித்தார்கள். பர்மாவில் 1982 சட்டம் ரோகிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது. 1977 கலவரத்தில் லயம் எரிந்து ஓடிய நம்மவர்கள் வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலைக் காடுகளில் குடிசை போட்டார்கள். கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்து 1984இல் மறுபடி விரட்டப்பட்டார்கள். ஒண்டவந்த இடத்தில் சிலர் சோறு போட்டார்கள், சிலர் "தோட்டக்காட்டான்" என்று சொல்லி அரைக்கூலிக்கு வேலை வாங்கினார்கள். இரண்டையும் நாம் மறக்கவில்லை.

ஆகவே அரசிடம் கேட்கிறோம். அகதிகளைப் படைமுகாமுக்குள் பூட்டாமல், சிவில் நிர்வாகத்தின்கீழ், ஐ.நா. அகதிகள் நிறுவனம் தாராளமாக வந்துபோகக்கூடிய இடத்தில் வையுங்கள். சாவுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். கேப்பாப்பிலவு மக்களின் மிச்சக் காணியையும் களப்புக்குப் போகும் வழியையும் விடுங்கள். அகதிகளைச் சாட்டாக வைத்து முகாமை நிலைப்படுத்தாதீர்கள். கடலில் உயிர்காக்கப்போன மீனவருக்கு அன்றைய மண்ணெண்ணெய்ச் செலவும் போன உழைப்பும் கொடுக்கப்படவேண்டும். அடுத்த படகைக் காணப்போவதும் அவர்தான்.

தோட்டக் கிளைகள் இந்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மானத்தைத் தலைமையகத்துக்கு அனுப்பிவைக்கவும்.