நடைபாதை யாருக்கு?

எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. நான் சைக்கிள் கட்சி. பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிள்தான் இன்றும் ஓடுகிறது. அம்மா நடைக் கட்சி, தலையில் கீரைக் கூடை. போன மாதம் டவுனில் நடைபாதையிலேயே ஒரு மாணவன் சைக்கிளில் வந்து இடித்துவிட்டான். கூடை சாக்கடையில். அன்றைய வியாபாரம் போச்சு.

"ஏலே, நீயும் அப்படித்தான ஓட்டுத?" என்றாள் அம்மா. பஸ்காரன் பின்னால் ஹாரன் அடித்தால் நானும் நடைபாதையில்தான் ஏறுகிறேன். என்ன பதில் சொல்ல?

நண்பர்களே, நடைபாதை நடப்பவருக்கே. ஏறிவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகணும். ஆனால் எங்களை அங்கே ஏற்றிவிட்டது யார்?

நம்ம ஊரில் இதை அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். 1973-இல் திறந்த ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் பஸ், லாரிக்கு மேல்தட்டு. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் கீழ்த்தட்டு. இப்போது அங்கேயும் மோட்டார் பைக் கூட்டம். ஓரத்தில் ஒண்டுவது நாங்கள் இரண்டு கட்சியும்தான்.

நான் சிவில் மாணவன், எங்கள் குடும்பத்தில் முதல் படிப்பாளி. நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி. அம்மா இடிபட்ட இடத்தில் டேப் பிடித்துப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மருக்கும் கடைப் பலகைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். அந்தப் பையன் எங்கே விலகுவான்?

தடைகளை எடுக்கவும், சாலையோரம் சைக்கிளுக்குத் தனிக்கோடு போடவும் நம் சங்கம் மனு எழுதட்டும். முதல் கையெழுத்து நான். அம்மா கைநாட்டு வைக்கிறேன் என்றிருக்கிறாள்.