பொம்மனஹள்ளியின் கைகளுக்காக ஒரு விண்ணப்பம்

கர்நாடக மாநில சுகாதார, குடும்ப நலத்துறை அமைச்சர் அவர்களின் சமுகத்துக்கு,

ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியிலும், பேகூர் சாலை, ஹொங்கசந்திரா முதலிய சுற்றுப்புறங்களிலும் கார்மென்ட்ஸ் வேலையை நம்பி ஜீவனம் செய்யும் குடும்பங்கள் ஏராளம்; தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களும் அவர்களில் அடக்கம். தையல் ஊசிக்கடியில் துணியை நகர்த்தும் விரல்களே இவர்களுடைய ஆஸ்தி. இத்தகையவரில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்து, உயிர் தப்பி, கோலூன்றி நடக்கவும் தொடங்கிவிட்டால், பிழைத்ததே பெரிதென்று சுற்றத்தார் ஆறுதல் அடைந்துவிடுகிறார்கள். மடங்கிய விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடுவதைக் கேட்பாரில்லை. அந்தக் கையைப் பற்றியே தங்களிடம் முறையிட வந்தேன்.

மூளையில் ஒரு பகுதி ரத்த ஓட்டமின்றி நசித்தபின் எஞ்சிய பகுதிகள் அதன் காரியத்தை ஓரளவு ஏற்றுக்கொள்ளக்கூடியவை என்பதும், அந்தச் சக்தி முதல் சில மாதங்களில் மேலோங்கி நிற்கிறது என்பதும், அதைப் பயன்படுத்திக்கொள்ள ஓயாத அப்பியாசம் வேண்டும் என்பதும் வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்டவை. பிராணிகளை வைத்து நடந்த பரிசோதனைகளில் ஒரே அசைவு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை பழக்கப்பட்டது. மனிதருக்கோ, 2009-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றின்படி, அங்குள்ள சிகிச்சைக் கூடங்களிலேயே ஓர் அமர்வில் கைக்குக் கிடைத்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 தாம். நம் ஏழை நோயாளிக்கு அந்த அமர்வே அரிது.

இக்குறையைப் போக்கவே, நோயாளி முயலும் வரை விட்டுக்கொடுத்து, முயற்சி தளரும் இடத்தில் தாங்கி நடத்திச் செல்லும் யந்திரங்கள் பிறந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'எம்ஐடி-மேனஸ்' அவற்றுள் முன்னோடி. ஆயினும், யந்திரம் வந்ததும் கை எழுந்துவிடும் என்று தங்களிடம் எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் நடத்தி 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட 'ராட்டுல்ஸ்' ஆய்வு, வழக்கமான சிகிச்சையைக் காட்டிலும் யந்திர சிகிச்சை கையின் அன்றாடச் செயலை மேம்படுத்தவில்லை என்றே கண்டது. இதை மறைத்துவிட்டு விண்ணப்பம் செய்வது தர்மமாகாது. ஆனால் அங்கே வழக்கமான சிகிச்சை என்ற ஒன்று இருந்தது. இங்கே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் பலருக்கு எதுவுமே இல்லை. ஒரே இயன்முறை மருத்துவர் பலரைக் கவனிக்க வேண்டிய இடத்தில், ஒருவரின் தோளை அவர் பிடித்துப் பழக்கும்போது இன்னொருவரின் விரல்களுக்கு யந்திரம் அப்பியாசம் அளிக்குமாயின், அதுவே அதன் உபயோகம்.

அதற்கு விலையுயர்ந்த வெளிநாட்டு யந்திரத்தை வாங்கிப் பெரிய மருத்துவமனையின் கண்ணாடி அறைக்குள் வைக்க வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து 'ப்ளூட்டோ' என்ற சிறிய கருவியை உருவாக்கியிருக்கின்றன. ஒரே மோட்டாரில் வெவ்வேறு கைப்பிடிகளை மாற்றிப் பொருத்தினால், மணிக்கட்டை வளைப்பதும், முன்கையைத் திருப்புவதும், கையை விரித்து மூடுவதும் அதிலேயே பழகலாம், மேஜைமேல் அடங்கிவிடும். பெரிய கூடங்களுக்கென்றே பிறந்த யந்திரங்களை நோக்க, நம் தெருக்களை அறிந்தவர்கள் செய்தது இது என்று எனக்குப் படுகிறது.

நிம்ஹான்ஸ் போன்ற மகத்தான நரம்பியல் மருத்துவ ஸ்தாபனம் இதே ஓசூர் சாலையில் இருப்பது எங்கள் பாக்கியம். ஆனால் ஒரு பக்கம் விளங்காதவரை ஸில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கடந்து வாரம் பலமுறை அழைத்துச் செல்ல, கூடவரும் மனைவியோ மகனோ அன்றைய கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. 'ஷக்தி' திட்டத்தில் பெண்களுக்குப் பஸ் கட்டணம் இல்லையென்றாலும், போன கூலி போனதுதான். இதே சாலையில் எல்லையைத் தாண்டினால் வரும் கிருஷ்ணகிரி ஜில்லாவின் சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்டில், இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அண்டை மாநிலம் செய்ததைத் தங்கள் அரசு இன்னும் செம்மையாகச் செய்ய முடியும்.

ஆகவே, பொம்மனஹள்ளி வட்டாரத்தின் அரசு சுகாதார நிலையம் ஒன்றில் முதலில் நிரந்தர இயன்முறை மருத்துவர் ஒருவரை நியமித்து, அதன் பின்னரே இத்தகைய கருவிகள் இரண்டை அளித்து, மாலையில் வேலை முடிந்து வரும் குடும்பத்தாருக்கு ஏற்ப இரவு எட்டு மணி வரை அந்த அறையைத் திறந்துவைக்க உத்தரவிடும்படி வேண்டுகிறேன். ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்க்கையில், யந்திரம் ஓடிய மணிகளோடு, எத்தனை பேர் தம் கையால் சோறு பிசைந்து உண்கிறார்கள், எத்தனை பேர் மீண்டும் தையல் யந்திரத்தின் முன் அமர்ந்தார்கள் என்பதையும் நிம்ஹான்ஸ் நிபுணர்களைக் கொண்டு எழுதிவைக்கச் செய்யுங்கள். பயன் இல்லையெனத் தெரிந்தால் கருவியை அகற்றிவிடலாம், மருத்துவரை மட்டும் அகற்ற வேண்டாம்.

இங்ஙனம்,
பொம்மனஹள்ளிவாசி ஒருவர்