நோய் திரும்பினால் ஈமான் குறைவா?

இரத்தப் புற்றுநோய் ஒரு குழந்தைக்கு மீண்டும் வந்துவிட்டால், நலம் விசாரிக்கச் செல்வோருள் சிலர் அதன் தாயிடம், "துஆவில் ஏதோ குறை இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகின்றனர். நோயாளியை விசாரித்த நன்மை இவர்களுக்கு எஞ்சுமா என்பதே எனக்கு ஐயமாக உள்ளது.

நோய் திரும்புவதற்குக் காரணங்கள் உள்ளன. கார்-டி சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்னும் புரதத்தை அவை இனங்காணும்படி மரபணுவை மாற்றி, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். 2012-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மற்ற மருந்துகள் பலனளிக்காத எமிலி ஒயிட்ஹெட் என்னும் 6 வயதுச் சிறுமி இதனால் நலம் பெற்றார். 2023-இல் நம் நாட்டிலேயே உருவான இத்தகைய சிகிச்சைக்கும் அனுமதி கிடைத்தது.

ஆயினும் எல்லோருக்கும் அப்பலன் நிலைப்பதில்லை. சில புற்றணுக்கள் சிடி19 புரதத்தை மேற்பரப்பில் காட்டாமல் விட்டுவிடுகின்றன. தேடி வந்த டி அணுக்கள் அருகிலிருந்தும் அவற்றை அறிவதில்லை. வேறு சிலரிடம், முன்பு பெற்ற கீமோதெரபியால் டி அணுக்களே தளர்ந்திருக்கும். 2018-இல் வெளியான ஆய்வொன்று என்னைத் திகைக்க வைத்தது. ஆய்வகத்தில் டி அணுக்களை மாற்றியபோது, அவற்றோடு ஒரு புற்றணுவும் அறியாமல் கலந்துவிட்டது. டி அணுக்களுக்கென அமைத்த ஏற்பியை அதுவும் பெற்று, அதனாலேயே தன் சிடி19-ஐ மறைத்துக்கொண்டு பெருகியது. ஒரேயோர் அணு! இதில் எந்தத் தாயின் துஆ குறைந்தது?

மருந்து நோய்க்குப் பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டப்படி குணம் கிடைக்கும் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். 'பொருந்துதல்' என்பதை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். பாடம் நடத்தும் நானும் அப்படித்தான் கடந்திருக்கிறேன். மருந்து ஏன் பொருந்தவில்லை என்று ஆராய்வது தவக்குலுக்கு முரணன்று. சிடி19 மறைந்தால் சிடி22 என்னும் வேறொரு புரதத்தைக் குறிவைக்கலாமா என்று இன்று முயல்வோர் அந்தப் பொருத்தத்தைத்தான் தேடுகின்றனர்.

அய்யூப் (அலை) அவர்களும் நோயால் சோதிக்கப்பட்டார்கள். அவர்களது ஈமானில் குறை காண நமக்குத் துணிவு வருமா? பிறகு மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்திருக்கும் ஒரு தாயிடம் மட்டும் அத்துணிவு எங்கிருந்து வருகிறது?

அடுத்த முறை செல்லும்போது, இரத்தமோ தட்டணுக்களோ தேவைப்படுகின்றனவா என்று அவரிடம் கேளுங்கள். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு இரவு உணவு யார் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.